கண்டியில் தண்ணீர் கேட்டோம்

எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவது வரை படித்தேன். அப்புறம் சுருட்டுக் கம்பெனி. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து எங்கள் மாதா கோயில் பாடகர் கூட்டம் இலங்கைக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தது. அதுதான் சங்கதி.

எங்கள் கூட்டத்தில் சும்மா இருக்கிற ஆள் கிடையாது. ஆண்களில் பாதிப் பேர் பூட்டுப் பட்டறை, பாதிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்பு. பெண்கள் எல்லாம் சுருட்டு. மாஸ்டர் என்று நாங்கள் சொல்வது ஞானப்பிரகாசம் அண்ணனை. அவரும் பூட்டு வேலைதான். முன்னால் இங்கே இருந்த ஒரு சாமியாரிடம் நாலு குரல் பாட்டைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். எங்களுக்கு வாயால் சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கட்டைக் குரல். சின்ன வயதில் கேலி செய்வார்கள். மாஸ்டர்தான், "இந்தக் குரல் இல்லாம கூரை நிக்காது" என்று கீழ்க் குரலில் சேர்த்தார்.

வாத்தியம் இல்லாமல் பாடுவதில்தான் எங்களுக்குப் பேர். பெரிய வியாழன் பூசை முடிந்ததும் ஆர்மோனியத்தை ஊதாத் துணி போட்டு மூடிப் பூட்டிவிடுவார்கள். ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரைக்கும் திறக்கக் கூடாது. பூட்டு ஊர் அல்லவா, நல்ல பூட்டாகவே போடுவார்கள். அந்த நாளில் வெறும் தொண்டைதான். சாணார்பட்டி, செம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து கேட்பார்கள்.

அந்தச் சாமியார் கண்டிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அங்கே வாத்தியமே இல்லாத பாட்டுக் கச்சேரி ஒன்று வைக்கிறார்கள், எங்களைக் கூப்பிடலாம் என்று அவர்தான் சொல்லிவிட்டிருக்கிறார். முதல் பாதியில் பேர் எடுத்த பாட்டு. நம் காலத்தில், நம் அப்பன் காலத்தில் பெரிய ஆட்கள் கட்டினது. இரண்டாம் பாதியில் புதுப் பாட்டு. கூட்டத்துக்கு ஒன்று. வெளியே எந்த மேடையிலும் ஏறியிருக்கக் கூடாது.

எங்களிடம் புதுப் பாட்டு ஒன்று இருந்தது. மாஸ்டர் கட்டினது. சிலுவையில் தொங்குகிறவர் தாகமாயிருக்கிறேன் என்று சொன்னாரே, அதை வைத்துக் கட்டினார். நாங்கள் பாடகர்கள் கேட்போம்: "ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா?" கேட்டுவிட்டு நிறுத்துவோம். கோயிலில் இருக்கிற சனம் பதில் சொல்லும்: "நான் தாரேன் சாமி, நான் தாரேன்." அப்புறம்தான் அடுத்த அடி.

சனத்தின் வரியைப் பாடகர் பாடக் கூடாது. எங்கள் கோயிலில் அது கட்டு. எந்தப் புலம்பலுக்கும் அப்படித்தான். கதை சொல்வது பாடகர் வேலை, பதில் சொல்வது சனத்தின் பங்கு. அதை நாம் பாடினால் அடுத்தவர் இலையில் கை வைத்த மாதிரி.

அந்தப் பாட்டை மதுரையிலிருந்து வந்த ஒரு பாட்டு வாத்தியார் ஒரு தடவை கேட்டார். "இது ஒப்பாரி. நாலு குரல்ல பாடிட்டா பாட்டு ஆயிருமா?" என்றார்.  அன்றையிலிருந்து மாஸ்டருக்கு அது ஒரு முள். பாட்டுத் தெரிந்தவர்கள் நாலு பேர் முன்னால் அதை வைக்க வேண்டும், அவர்கள் பாட்டு என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவர் கிளம்பினார். அவருக்காகத்தான் நாங்கள் கிளம்பினோம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டு வா. சோறும் வெஞ்சனமும் நானே வச்சுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் யாரும் கடல் பார்த்தவர் இல்லை. ஆத்தூர் டேம் நிரம்பினால் அதையே கடல் என்போம். தோல் ஷாப்புத் தொம்மைதான் எங்கள் கூட்டத்தில் ஆகக் கீழ்க் குரல். பேச்சு மட்டும் மேலே நிற்கும். தனுஷ்கோடியில் ஏறும்போது, "நான் சுண்ணாம்புக் குழியில இடுப்பு வரைக்கும் நிக்கிறவன். இந்தத் தண்ணி என்னை என்ன செய்யும்?" என்றான். கப்பல் நகர்ந்த செத்த நேரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அக்கரை வரைக்கும் நிமிரவில்லை.

என் நாத்தனார் பிலோமி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, "ஏலே தொம்மை, கீழ்க் குரலையும் சேத்துக் கொட்டிராத. கண்டியில வேணும்" என்றாள்.

நான் கட்டுச்சோற்றைப் பிரித்தேன். புளிச்சோறும் பருப்புத் துவையலும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் ஒரு இலங்கைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உருண்டை கொடுத்தேன். தின்றுவிட்டு, "காரம் காணாது" என்றார். திண்டுக்கல்காரி கை உருண்டையைத் தின்று காரம் காணாது என்று சொன்ன முதல் மனுசன் அவர்தான். அங்கே போய்ச் சாப்பிட்ட பிறகு அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

மறுநாள் ரயில். வழியில் ஒரு இடத்தில் மாற வேண்டும். தொம்மையைக் காணவில்லை. தேடினால் பிளாட்பாரக் குழாயடியில் நிற்கிறான். குடிக்கக்கூட இல்லை. குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறான்.

"அக்கா, எப்பத் திறந்தாலும் வருது" என்றான்.

"ரயில் வராது. அது போயிருச்சு" என்றேன்.

போய்விட்டதுதான். பிறகு பஸ் பிடித்தோம். மலை ஏறுகிற பாதை. பாதி ஏற்றத்தில் இஞ்சின் கொதித்துப் புகை விட்டது. டிரைவர் இறங்கினார், தகர டப்பாவை எடுத்தார், பாறையோரம் நீட்டினார். பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஊற்றினார், ஏறினார், கிளம்பினார். எங்கள் பக்கம் செம்பட்டி ரோட்டில் பஸ் கொதித்தால் கண்டக்டர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவார். ஒரு குடம் கொடுக்கிறவளை நாலு பேரு புண்ணியவதி என்பார்கள். இங்கே பாறை கொடுக்கிறது. 

மலையின் பச்சையைப் பார்த்துவிட்டு மாஸ்டர் ஒன்று கேட்டார். "இந்த ஊர்ல நம்ம பாட்டு விளங்குமா சவரி?"

"தாகம் எல்லாருக்கும் உண்டுண்ணே" என்றேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை.

கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். கூப்பிட்ட சாமியாரைப் பார்க்க முடியவில்லை. காய்ச்சல் என்று கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எல்லாம் பூமணி டீச்சர் கையில். யாழ்ப்பாணத்துக்காரி. உயரம். கண்ணாடி. சேலை மடிப்புக் கலையாமல் நடப்பார். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூன்றிலும் அதட்டுவார். எங்களை வரவேற்றபோது, "வாங்கோ, களைச்சுப் போனீங்கள். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார். தமிழ்தான். ஆனாலும் பிலோமி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டச் சொன்னேன்.

தேத்தண்ணியில் பால் கிடையாது, சீனி கிடையாது. கையில் ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு இதைக் குடிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது. ரொட்டிக்கு அங்கே பாண் என்று பேர். தேங்காயும் மிளகாயும் மாசிக் கருவாடும் இடித்துச் சம்பல் என்று வைத்தார்கள். சோறு சிவப்பு. பிலோமி முதல் நாள் சிவப்புச் சோற்றை மாட்டுக்கு வைக்கிறது என்றாள். மூன்றாம் நாள் மறுசோறு கேட்டாள்.

வந்த மறுநாள் ஒத்திகை. அதே பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபம். ஓட்டுக் கூரை. வெளியே தூறல்.

எங்களோடு சேர்த்து மூன்று கூட்டம். கொழும்பிலிருந்து இங்கிலீசுப் பாட்டுக்காரர்கள். எல்லாரும் கால்சட்டை, கழுத்துப் பட்டி. அவர்கள் பாடினது பேர் எடுத்த பாட்டு. ஒரு குரல் நடக்கும்போது இன்னொன்று நிற்கும், அது நடக்கும்போது இது நிற்கும். நெசவுத் தறி மாதிரி. சின்னாளபட்டியில் தறி ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் கண்டிப் பெண்கள் கூட்டம். சிங்களப் பெண்கள், எல்லாரும் வெள்ளைச் சேலை. படகுக்காரர் பாட்டு ஒன்றைப் புதிதாக நாலு குரலில் கட்டியிருந்தார்கள். அதுவும் நன்றாக இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு மனத்தாங்கல் இல்லை.

எங்கள் முறை வந்தது. முதலில் லத்தீன் பாட்டு. அடுத்து ஒரு பழைய பாட்டு, சனத்தின் பதில் இல்லாதது. மாஸ்டர் "ம்" என்று சுருதி கொடுத்தார். பிடித்தோம். கழுத்துப் பட்டிக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது போதும்.

அப்புறம் எங்கள் புதுப் பாட்டு.

உச்சி வெயிலு நிக்குதடி,
உதடு வெடிச்சுப் போச்சுதடி,
ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா?

நிறுத்தினோம். பதில் வரவில்லை. எப்படி வரும்? எதிரே காலி நாற்காலி. ஆனால் எங்களுக்கு அது உறைக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒத்திகைக்கே கோயில் கூட்டுகிறவள், மெழுகுவர்த்தி விற்கிறவள் என்று யாராவது நின்று பதில் சொல்லிவிடுவார்கள். பதில் இல்லாமல் அந்தப் பாட்டை நாங்கள் பாடினதே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றோம். கூரையில் தூறல் மட்டும் கேட்டது.

வெள்ளைச் சேலைப் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். "பாவம், பாதிப் பாட்டைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்" என்றார்களாம்.

பூமணி டீச்சர் மேடைக்கு வந்தார். "ஏன் நிப்பாட்டினீங்கள்? மறந்து போச்சே?"

மாஸ்டர் விளக்கினார். சனம் பதில் சொல்லும், அப்புறம்தான் அடுத்த அடி என்றார்.

"இஞ்ச சனம் பாடாது மாஸ்டர். இது கோயில் இல்லை. கச்சேரி. டிக்கட் எடுத்து வந்து கைகட்டி இருந்து கேக்கிற ஆக்கள். நீங்கள் நிப்பாட்டினால் பாட்டு மறந்துபோச்செண்டுதான் நினைப்பினம். இப்ப இந்தப் பிள்ளைகள் சிரிச்ச மாதிரி நாளைக்கு மண்டபமே சிரிக்கும்."

"கேக்குறவனே குடுத்துக்கிட்டா அது எப்படி டீச்சர்?"

"அது எனக்கு விளங்குது. ஆனா உங்கட ஆக்களே அந்த வரியையும் பாடவேணும். இல்லையெண்டால் இந்தப் பாட்டை எடுத்துவிடுவம். லத்தீனும் பழைய பாட்டும் வடிவா இருக்கு. அது காணும். நாளைக்கு மத்தியானம் முடிவு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். தொம்மை கொதித்தான். "நம்ம கேட்டு நம்மளே குடிக்கிறதா? ஊருக்குத் தெரிஞ்சா துப்புவாக. பாடாமப் போயிருவோம் மாஸ்டர்."

பிலோமி, "பாடாமப் போனா மட்டும்? அந்த மதுரைக்காரர் சொன்னது நிசமாகும்ல" என்றாள்.

 மாஸ்டர் தலையைத் தூக்காமலே, "பொம்பளைங்க நாலு பேரு பதில் சொல்லுங்க. சவரி எடுத்துக் குடு. பாட்டு மேடை ஏறணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரி என்றேன்.

மறுநாள் காலை பதிலைப் பழக ஏரிக்கரைக்குப் போனோம். எங்கள் ஊரிலும் குளம் உண்டு. வெயில் காலத்தில் அதில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். இங்கே ஏரி தளும்பி நிற்கிறது. அதன் ஓரத்தில் நின்றுகொண்டு "நான் தாரேன் சாமி" என்று பாடிப் பார்த்தோம். நாலு பேருக்கும் குரல் சேரவில்லை. ஒருத்தி முந்துகிறாள், ஒருத்தி முழுங்குகிறாள். ஒரு அணா ராகம்தான். பாட்டில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

"வாய் கூசுது மதினி" என்றாள் பிலோமி.

"கூசினாலும் பாடு" என்றேன். எனக்கும் கூசியது.

திரும்பும்போது பிலோமி, தொம்மை, நான் மூவரும் ஒரு பஸ்ஸில் ஏறினோம். வந்த பஸ் சிவப்பு, இதுவும் சிவப்பு என்று ஏறினோம். அங்கே எல்லா பஸ்ஸும் சிவப்பு. மலைமேல் ஏதோ சிங்கள ஊர்ப் பக்கம் இறக்கிவிட்டார்கள். மழை. யாருக்கும் எங்கள் பேச்சு தெரியவில்லை. அந்தத் தேசத்தில் பாஷைச் சண்டை நடந்து கொஞ்ச வருசம்தான் ஆகிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். தொம்மைகூட வாயை மூடிக்கொண்டான்.

குடையோடு ஒரு வயசான சிங்களத்தார் வந்தார். என் சேலையைப் பார்த்தார். நாங்கள் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சின்னாளபட்டிச் சுங்குடி கட்டியிருந்தோம். பாட்டு என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்துக் கச்சேரிக்கு வந்தவர்கள் என்று புரிந்துகொண்டார். குடையைப் பெண்கள் இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே எங்களைத் திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினார். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட வந்தார். பூமணி டீச்சரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். டீச்சர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "பாடுற ஆக்கள் மூண்டு பேரைக் கொண்டு வந்து விட்டிருக்கிறன், எண்ணிப் பாத்து எடுங்கோ எண்டு சொல்லுறார்." குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அதற்குள் மத்தியானம். மாஸ்டர் டீச்சரிடம் போய், "பாடுறோம். நிறுத்த மாட்டோம்" என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் கச்சேரி. மண்டபம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் துரைமார், சீமாட்டிகள். நடுவில் பள்ளிக்கூடத்து ஆட்கள். கடைசியில் நின்றுகொண்டு கொஞ்சம் பேர். வேட்டிக் கட்டைப் பார்த்தால் நம்மவர்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருப்பார்கள்.

முதல் பாதி நன்றாக நடந்தது. எங்கள் லத்தீன் பாட்டுக்குக் கை தட்டினார்கள். கோயிலில் யாரும் தட்ட மாட்டார்கள். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தொம்மை பதிலுக்குக் கும்பிட்டான். முழங்கையால் இடித்தேன்.

இரண்டாம் பாதி. கொழும்புக்காரர்களின் புதுப் பாட்டு. கேட்க முள்ளாக இருந்தது. ஆனால் துணிச்சல். வெள்ளைச் சேலைப் பெண்களின் படகுப் பாட்டு. அடுத்தது நாங்கள்.

மாஸ்டர் எங்களுக்கு முன்னால் நின்றார். பூட்டு வேலை செய்கிற கை. விரல் நுனி கறுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கையைத் தூக்கினார்.

உச்சி வெயிலு நிக்குதடி,
உதடு வெடிச்சுப் போச்சுதடி,
ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா?

கடைசி வார்த்தையைத் தொம்மை இறக்கி வைத்தான். தரை அதிர்ந்தது. இப்போது நான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. பயத்தினால் அல்ல. மறந்தும் போகவில்லை. பத்து வயதிலிருந்து சனம் பதில் சொல்கிற இடத்தில் வாயை மூடி நின்றவள். உடம்பு மூடிக்கொண்டது. பக்கத்தில் பார்த்தேன். நாலு பேரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எடு என்று கண்ணால் கேட்டார்.  யாரோ இருமினார்கள். ஓரத்தில் நின்ற டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

நான் வரிசையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்டால் தெரியாது. பாடவில்லை. பேசினேன்.

"அய்யாமாரே, அம்மாமாரே. நாங்க மறக்கல. தண்ணி கேட்டு நிக்கிறோம். பதில் நீங்க சொல்லணும். 'நான் தாரேன் சாமி, நான் தாரேன்'. அம்புட்டுத்தான். அது உங்க வரி. எங்களுக்கு அதைப் பாட வராது."

முன் வரிசையில் சிரித்தார்கள். பரவாயில்லை என்று நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். கோயிலில் பெண்கள் பக்கம் பதில் வராவிட்டால் இப்படித்தான் நின்று பார்ப்பேன்.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. ராகம் இல்லை. பேச்சுதான்.

"நான் தாரேன் தாயி."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் அதற்குமேல் காத்திருக்கவில்லை. எங்கள் ஊரிலும் முதல் பதில் சில நேரம் பேச்சாகத்தான் வரும். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கையைத் தூக்கினார். நான் வரிசைக்குத் திரும்பினேன்.

ஆறு கிடந்தது மணலாக,
கிணறு கிடந்தது கல்லாக,
ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா?

இந்தத் தடவை ஓரத்திலிருந்து வந்தது. பூமணி டீச்சர். ஒத்திகையில் இங்கே சனம் பாடாது என்று சொன்ன அதே ஆள்தான். நிமிர்ந்து நின்று, நல்ல சுருதியில், அவர் ஊர் வாயில், "நான் தாறன் சாமி, நான் தாறன்" என்று பாடினார். பின்னால் நின்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். அதற்குள் மேடையோரம் வெள்ளைச் சேலைப் பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்து வரியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்டவன் ஆருன்னு கேக்காத,
கேட்டது தண்ணி, மறக்காத,
ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா?

அப்போது வந்தது. மண்டபம் பூராவும் வந்தது. கழுத்துப் பட்டிக்காரர்கள், சீமாட்டிகள், தோட்டத்து ஆட்கள், எல்லாரும். பாதிப் பேருக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. பக்கத்து ஆளைக் கேட்டு, தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். எங்கள் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை வருகிற சத்தத்துக்கு அது குறைவில்லை. தொம்மை அழுதுகொண்டு பாடினான். கீழ்க் குரல் அசையவில்லை. அதற்காக அவனை மெச்ச வேண்டும்.

முடிந்ததும் கொழும்புக் கூட்டத்துத் தலைவர் மேடையில் ஏறி வந்து மாஸ்டர் கையைப் பிடித்தார். இங்கிலீசில் பேசினார். டீச்சர் தமிழில் சொன்னார்: "முப்பது வருசமாப் பாட்டு நடத்துறன், மண்டபத்தையே பாட வச்ச பாட்டை இண்டைக்குத்தான் கேட்டன் எண்டு சொல்லுறார்." மாஸ்டர், "சரிங்கய்யா" என்றார்.  காது மட்டும் சிவந்து போயிருந்தது.

டீச்சர் என்னிடம் வந்தார். "அப்பிடி மேடையில நிண்டு கதைக்கிறதோ?" என்றார்.

"தப்புத்தான் டீச்சர்."

"தப்புத்தான்" என்றார். ஆனால் என் கையை விடவில்லை.

மறுநாள் கிளம்ப வேண்டும். காலையில் பாற்சோறு செய்திருந்தார்கள். அரிசியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துத் துண்டு போடுகிறார்கள். அதற்கும் சம்பல்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சேலைப் பெண்கள் வந்தார்கள். இன்றைக்கு வெள்ளைச் சேலை இல்லை. ஆளுக்கொரு நிறம். அந்தப் பாட்டைத் தங்கள் கூட்டமும் பாட வேண்டும், எழுதித் தாருங்கள் என்று டீச்சர் வழியாகக் கேட்டார்கள்.

ராகத்தை எழுத மாஸ்டருக்குத் தெரியாது. "வாயாலதான் தர முடியும்" என்றார்.

மண்டபத்தைத் திறந்தார்கள். அவர்களை மேடையில் ஏற்றினோம். நாங்கள் கீழே நின்று அடி அடியாகச் சொல்லிக் கொடுத்தோம். கெட்டிக்காரப் பெண்கள். 'உதடு' அவர்கள் வாயில் உருண்டது, அவ்வளவுதான். நடுவில் ஒருத்தி அந்தப் பதில் வரியையும் சேர்த்துப் பாடிவிட்டாள். பிலோமி கையைத் தட்டி நிறுத்தினாள். "ஏம்மா, அது உனக்கு இல்ல. கேட்டுட்டு நில்லு." டீச்சர் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு முழுசாக ஒரு தடவை பாடச் சொன்னோம். பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ஒரு வாய்த் தண்ணி ஆரு தருவா என்று கேட்டுவிட்டு, சொன்னபடி, வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்கள்.

மண்டபத்தில் வேறு ஆள் இல்லை. நாங்கள்தான் இருந்தோம். நாங்கள் கீழே நின்றோம், அவர்கள் மேலே நின்றார்கள். எனக்கு அது விளங்க ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.

மாஸ்டருக்கு முதலில் விளங்கியது. அந்தப் பாட்டைக் கட்டின மனுசன், ஒரு நாளும் அந்த வரியைப் பாடாதவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோயிலில் சனம் நிற்கிற மாதிரி நின்றார்.

"நான் தாரேன் சாமி" என்று எடுத்தார்.

"நான் தாரேன்" என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். இந்தத் தடவை வாய் கூசவில்லை.